குமரி மேற்கில் வீட்டுக்கு ஷீட் கூரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் வீடு கட்டுகிறவர்களும் பழைய ஓட்டு வீட்டை மாற்றுகிறவர்களும் கூரை வேலைக்கு வரும்போது கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை, ஆண்டு முழுவதும் உப்புக்காற்று, பங்குனி சித்திரையில் இடி மின்னல் என்று எல்லாவற்றையும் வாங்கும் நிலம் இது. மதுரையிலோ கோவையிலோ சரியாக இருக்கும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

தகரம் கடைக்கும் கோழிக் கொட்டகைக்கும்தானே? குடியிருக்கிற வீட்டுக்குப் போடலாமா?

போடலாம். பாறசாலையைத் தாண்டிக் கேரளப் பக்கம் போனால் புது வீடுகளிலேயே இரும்புச் சட்டத்தின் மேல் ஓடு மாடல் ஷீட் போட்டிருப்பதைக் காணலாம். மங்களூர் ஓட்டைப் போல ஆண்டுதோறும் மாற்றி அடுக்க வேண்டியதில்லை. காங்கிரீட்டைப் போல வெடித்து ஒழுகுவதுமில்லை. ஆனால் வெப்பம், மழைச் சத்தம், காற்று, துரு ஆகிய நான்கையும் கட்டும்போதே கவனிக்க வேண்டும். கட்டிய பிறகு முதல் இரண்டைக் கொஞ்சம் சரிசெய்யலாம். பின்னிரண்டைச் சரிசெய்வது கூரையைப் பிரிப்பதற்குச் சமம்.

கலர் ஷீட், ஜி.ஐ., கால்வால்யூம், அலுமினியம் என்று கடைக்குக் கடை ஒரு பெயர் சொல்கிறார்கள். இதெல்லாம் என்ன?

கலர் ஷீட் என்பது தனி உலோகமன்று. மேலே வண்ணம் பூசிய தகடு. அந்த வண்ணத்துக்கு அடியில் என்ன பூச்சு இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஜி.ஐ. என்றால் எஃகின் மேல் துத்தநாகப் பூச்சு. கால்வால்யூம் என்றால் ஏறத்தாழ 55 சதவீதம் அலுமினியமும் 43.5 சதவீதம் துத்தநாகமும் மீதி சிலிக்கானும் கலந்த பூச்சு. முன்னதற்கு ஐ.எஸ். 277, பின்னதற்கு ஐ.எஸ். 15961 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் உண்டு. அலுமினியம் ஷீட் முழுவதும் அலுமினியமே; அதில் எஃகு கிடையாது.

பூச்சின் அளவை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, இரண்டு பக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். ஏ.இசட். 150 என்றால் 150 கிராம் அலுமினியம்-துத்தநாகக் கலவை. அலுமினியம் எடை குறைந்தது என்பதால் இந்த 150 கிராமும், 275 கிராம் வெறும் துத்தநாகமும் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான் என்ற ஒரே கனத்தையே தருகின்றன. ஆகவே கிராம் கணக்கை மட்டும் வைத்து ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று முடிவு செய்ய முடியாது. மழை கழுவிச் செல்லும் கூரைப் பரப்பில் அலுமினியம்-துத்தநாகக் கலவையே நெடுங்காலம் நிற்கும். இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஏ.இசட். 150-க்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் முடிவு. மாட்டுத் தொழுவத்தின் மேல் மட்டும் அதைத் தவிர்க்கலாம். சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா அந்தப் பூச்சை அரிக்கும்.

எத்தனை மில்லி வாங்க வேண்டும்? 0.35 தாராளமாகப் போதும் என்கிறார் வெல்டர்.

கார் நிறுத்தும் இடத்துக்குப் போதலாம், வீட்டுக்குப் போதாது. பூச்சும் வண்ணமும் சேர்த்து 0.50 மி.மீ. உள்ள ஷீட்டைக் கேளுங்கள். அதிலுங்கூடப் பூச்சையும் வண்ணத்தையும் கழித்தால் எஃகு சுமார் 0.42 அல்லது 0.43 மி.மீ. அளவில்தான் இருக்கும். கடைக்காரர் சொல்லும் கனம் மொத்தக் கனமா, எஃகின் கனமா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது. நல்ல ஆலைகள் தகட்டின் அடிப்புறத்தில் கனத்தையும் பூச்சையும் அச்சிட்டிருக்கும்.

அச்சு இல்லையென்றால் தராசு இருக்கிறது. 1,220 மி.மீ. அகலத் தகட்டிலிருந்து மடித்த 0.50 ஷீட், நீளத்தில் ஒரு மீட்டருக்கு நாலேகால் கிலோவை ஒட்டி எடை காட்ட வேண்டும். நான்கு கிலோவுக்கும் கீழே இறங்கினால் அது 0.50 அன்று.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். பக்கத்தில் போட்ட ஷீட்டெல்லாம் சீக்கிரமே பொத்துப் போயிற்று. என்ன செய்வது?

குளச்சல், முட்டம், இனயம் கரையோரங்களில் அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துளி காற்றில் வந்து தகட்டின் மேல் படிகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் தகடு நனைந்தே இருக்கிறது. மேற்பரப்பை மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடிப்புறமும், சன் ஷேடுக்கு மேலே ஒதுங்கிய பகுதியும், ஷீட்டோடு ஷீட் ஏறும் இடமும் கழுவப்படுவதேயில்லை. பொத்துப்போன ஷீட்டை இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இடங்களிலிருந்துதான் துரு புறப்பட்டிருக்கும்.

கடலோரத்தில் முதல் தேர்வு அலுமினியம், குறைந்தது 0.7 மி.மீ. அது செந்துரு பிடிக்காது. ஆனால் எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு என்பதால் பர்லின்களை, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை, நெருக்கமாக வைக்க வேண்டும். இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாகப் படுக்க வைக்கக் கூடாது; இடையில் வண்ணப் பூச்சும் ரப்பர் அல்லது பி.வி.சி. பட்டையும் வேண்டும். செலவு தாங்காது என்றால் ஏ.இசட். 150 தகட்டில் பி.வி.டி.எஃப். என்னும், வெயிலில் எளிதில் வெளிறாத உயர்ரக வண்ணம் பூசியதை வாங்கி, மழையில்லாத மாதங்களில் இறவாரத்தின் அடிப்புறத்தைக் கிணற்று நீரால் பீய்ச்சிக் கழுவி வாருங்கள். கிணற்று நீரே உவர்ப்பாக இருந்தால் அதனால் கழுவிப் பயனில்லை.

ஒக்கிப் புயலில் எங்கள் தெருவில் கூரை பறந்தது. நல்ல கனமான ஷீட்டாகப் போட்டால் நிற்குமா?

நிற்காது. கனத்துக்கும் பறப்பதற்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு. கேட்கிறவர்களில் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள் என்பதால் கணக்கையே தருகிறேன். காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி திருவனந்தபுரத்துக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 140 கி.மீ. ஒட்டியுள்ள நம் பகுதிக்கும் அதையே கொள்ளலாம். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ எடைக்குச் சமம். ஷீட்டின் எடையோ நாலரை கிலோ. அதை ஐந்தரை ஆக்கினால் என்ன மாறிவிடப் போகிறது? பத்து மீட்டருக்கு எட்டு மீட்டர் கூரையில் அந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கிய உறிஞ்சலாக வந்தால், தூக்கும் விசை ஏழு டன்னைத் தாண்டும். கூரையைத் தரையோடு பிடித்து வைப்பது ஸ்க்ரூவும், பர்லினைச் சட்டத்தோடு சேர்த்த வெல்டிங்கும், சட்டத்தைச் சுவரோடு சேர்த்த போல்ட்டும்தான். இவற்றில் எது தளர்ந்தாலும் அந்த இடத்திலிருந்து பிரியும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கியில் ரப்பர் மரங்களையும் வாழைகளையும் சாய்த்த காற்று கூரையை எந்தக் கண்ணியில் பிடித்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். ஷீட் பர்லினோடு சேர்ந்தே பறந்திருந்தால் ஷீட்டின் மேல் குற்றமில்லை.

உறிஞ்சல் எங்கும் ஒரே அளவில் இராது. மூலைகளிலும் இறவார ஓரத்திலும் முகட்டை ஒட்டியும் மிக அதிகம். ஆகவே நடுப்பகுதியில் ஷீட்டின் நெளிவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போட்டாலும், ஓரப் பர்லின்களிலும் முகட்டுப் பர்லினிலும் ஒவ்வொரு மேட்டிலும் போட வேண்டும். ஓரத்தில் பர்லின்களின் இடைவெளியையும் குறைக்க வேண்டும். சட்டத்தின் கால்களைச் சுவரின் மேல்வரிச் செங்கல்லில் புதைப்பதால் பயனில்லை. லின்டலுக்கு மேலே காங்கிரீட் பெல்ட் ஓட்டி, வார்க்கும்போதே அதில் போல்ட்டைப் பதித்துவிட வேண்டும்.

வடிவமும் உதவும். இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கச் சரிவு காற்றுக்கு நல்லது. படுத்த கூரையைவிட 25, 30 பாகைச் சரிவு நல்லது. நம் பழைய ஓட்டு வீடுகள் இரண்டையும் கடைப்பிடித்தவையே. இறவாரத்தை மட்டும் அழகுக்காக ஒரு மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். மழைச் சாரலுக்கு இரண்டடி போதும். அதன் அடிப்புறத்தைப் பலகையால் மூடிவிட்டால் காற்று அடியில் புகுந்து தூக்குவதும் குறையும்.

பழைய ஓட்டு வீடு. உத்திரமும் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) நல்ல அயினி மரம். ஓட்டை இறக்கிவிட்டு அந்த மரத்தின் மேலேயே ஷீட் அடிக்கலாமா?

மரம் நன்றாக இருப்பது போதாது. மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ எடை கொண்டது. நனைந்தால் இன்னும் கூடும். அந்த எடையே இத்தனை நாள் மரச்சட்டத்தைச் சுவரின் மேல் அழுத்தி வைத்திருந்தது. தச்சர் அதைச் சுவரோடு கட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. பலத்த காற்றில் ஓடுகளின் இடுக்கு வழியே காற்று கசிந்ததால் உறிஞ்சலும் ஓரளவு தணிந்தது. ஓட்டை இறக்கி நாலரை கிலோ ஷீட்டை அடித்தால், எடையும் போகும், கசிவும் போகும். முந்தைய பதிலில் சொன்ன 93 கிலோவின் எதிரே வெறும் மரச்சட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எனவே மரத்தை வைத்துக்கொள்ள விரும்பினால் ஒவ்வொரு கழுக்கோலையும் சுவர் உத்திரத்தோடு துத்தநாகப் பூச்சுள்ள இரும்புப் பட்டையால் போல்ட் போட்டுப் பிணைத்து, சுவர் உத்திரத்தையும் கீழே சுவருக்குள் இறக்கிய கம்பியோடு பிணைக்க வேண்டும். அதற்குச் சுவர் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. மண் சுவரோ, சுண்ணாம்புக் காரைச் சுவரோ என்றால் ஓட்டையே புதுப்பித்துப் போடுங்கள். இந்த இடத்தில் ஓடுதான் சிறந்தது.

மொட்டை மாடி ஒழுகுகிறது. எல்லாரும் மேலே ட்ரஸ் வொர்க் (இரும்புச் சட்டம்) பண்ணி ஷீட் போடுகிறார்கள். நானும் அப்படிச் செய்யட்டுமா?

ஒழுகலுக்கு அது நல்ல மருந்து; மாடியில் துணி காயவும் ரப்பர் ஷீட் உலர்த்தவும் இடமும் கிடைக்கும், கீழே வெப்பமும் குறையும். ஆனால் நான்கு பக்கமும் திறந்த கொட்டகைக்கு மேலே உறிஞ்சலும் உண்டு, அடியிலிருந்து உந்துதலும் உண்டு. மூடிய வீட்டுக் கூரையைவிட இது எளிதில் பறக்கும் என்பதை நினைவில் வைத்துப் பிணைப்பைச் செய்ய வேண்டும்.

கால்களைக் கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்துவதை இந்த வட்டாரத்தில் எங்கும் காண்கிறேன். கைப்பிடிச் சுவர் ஓரடுக்குச் செங்கல். அதற்கு அடியில் எதனோடும் பிணைப்பு இல்லை. காங்கிரீட் தூணுக்கோ பீமுக்கோ நேர் மேலே அடித்தட்டு வைத்து, துளையிட்டு, ஆங்கர் போல்ட்டை ரசாயனப் பசையோடு இறக்குவதே முறை. துளையிட்ட இடத்தைச் சுற்றி நீர்காப்புப் பூச்சுப் பூசாமல் விட்டால், ஒழுகலை நிறுத்த வந்த வேலையே புதிய ஒழுகலைத் தொடங்கி வைக்கும். ஸ்கொயர் டியூபின் திறந்த முனைகளை மூடிவிடுங்கள், ஏனென்றால் அது உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியே தெரியாது. வெல்டிங் செய்த இடத்தில் ஜி.ஐ. பூச்சு எரிந்து போவதால், கசடைத் தட்டித் தேய்த்துவிட்டுத் துத்தநாகம் மிகுந்த பிரைமரை அடிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூவை மேட்டில் போடுவதா, பள்ளத்தில் போடுவதா?

கூரையில் மேட்டில்தான், தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். சுவருக்கு அடிக்கும் ஷீட் என்றால் பள்ளத்தில் போடலாம். ஸ்க்ரூவின் அடியிலுள்ள கறுப்பு ரப்பர் வாஷர் ஈ.பி.டி.எம். என்னும், வெயில் மழையைத் தாங்கும் செயற்கை ரப்பராக இருக்க வேண்டும். அது வளையத்தின் விளிம்பளவுக்குப் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் மேடு நசுங்கி, வாஷர் கிழிந்து, இரண்டாவது கோடையில் ஒழுகும்.

இரண்டு சிறிய காரியங்களைப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஷீட்டை கிரைண்டரால் வெட்டக் கூடாது. பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகித் துருப் புள்ளியாகும். தகடு வெட்டும் கத்தரி அல்லது நிப்ளர் என்னும் தகடு கொறிக்கும் கருவி போதும். துளையிட்ட இரும்புத் தூளை அன்றைய மாலையே கூட்டித் தள்ள வேண்டும். ஸ்க்ரூவைப் பற்றி இன்னொன்று: அலுமினியம் ஷீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ சரி. ஆனால் கால்வால்யூமுக்குக் கடலோரத்தில் அது வேண்டாம். அதைச் சுற்றியுள்ள பூச்சுதான் முதலில் அரியும். அதற்கு உயர்ரகப் பூச்சுள்ள எஃகு ஸ்க்ரூவே ஏற்றது.

பங்குனி வெயிலில் உள்ளே இருக்க முடியுமா?

வெறும் ஷீட்டின் கீழே முடியாது. உச்சி வெயிலில் கரும் நிறத் தகடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும்; அந்தச் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே கீழே இறங்குகிறது. எனவே முதலில் வெளிர் நிறம்: வெள்ளை, கிரீம், வெளிர் சாம்பல். ஓட்டுச் சிவப்பு அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுக்குச் சூடு விலை. அடுத்து, ஷீட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய குமிழ்ப்படலம். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஓரங்குலமாவது காற்றிடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். இரு பக்கமும் ஒட்டி நசுக்கினால் வெறும் பிளாஸ்டிக் தாள். மூன்றாவதாக ஃபால்ஸ் சீலிங், அதன் மேலே சூடான காற்று வெளியேற முகட்டில் திறப்பு. பணம் இருந்தால் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய 50 மி.மீ. பஃப் பேனல் இவற்றையெல்லாம் ஒரே பொருளில் முடித்துவிடும். காற்றோட்டத் திறப்புகளுக்கு வலை அடிக்க மறக்க வேண்டாம், வௌவால் குடியேறும்.

மழை பெய்தால் டிவி சத்தமே கேட்காது என்கிறார்களே?

வெறும் ஷீட்டில் அது உண்மை. முந்தைய பதிலில் சொன்ன குமிழ்ப்படலம் சத்தத்தைக் குறைக்காது. கடைக்காரர் குறைக்கும் என்றால் நம்ப வேண்டாம். சத்தத்துக்கு எடை வேண்டும், இழை வேண்டும். ஷீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பஞ்சும், அதன் கீழே ஜிப்சம் அல்லது சிமெண்ட் போர்டு சீலிங்கும் சேர்ந்தால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையிலும் பேச்சு கேட்கும். பஃப் பேனல் வெறும் ஷீட்டைவிட மேல், பஞ்சைவிடக் கீழ்.

எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். இலை விழுந்து பாத்தி (இறவாரத்தில் மழைநீர் ஓடும் வாய்க்கால்) அடைக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை ஒட்டுமொத்தமாக உதிரும். இலைக்குவியல் பாத்தியிலும் இரண்டு சரிவுகள் கூடும் மூலைப்பள்ளத்திலும் தங்கி, நனைந்து, மாதக்கணக்கில் ஈரம் பிடித்துத் தகட்டை அரிக்கும். கூரையிலேயே முதலில் ஓட்டையாவது மூலைப்பள்ளந்தான். ஆகையால் மரத்தடி வீடுகளுக்கு மூலைப்பள்ளம் குறைவான எளிய வடிவமே நல்லது. மேலே நான்கு பக்கச் சரிவு நல்லது என்றேன். செவ்வக வீட்டுக்கு நான்கு பக்கச் சரிவு வைத்தால் மூலைப்பள்ளம் வருவதில்லை. வீட்டில் மடிப்புகள் கூடக்கூடத்தான் அது வரும். பாத்தியை ஆறு அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில் வையுங்கள். கோடை மழைக்கு முன் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை ஏணி போட்டு வாரிவிடுங்கள்.

அண்ணாச்சி, நாங்கள் செங்கோட்டைப் பக்கம். எங்களுக்கும் இதே பதில்தானா?

கடல் உப்பு அங்கே பொருட்டன்று; ஆகவே அலுமினியத்துக்கும் விலையுயர்ந்த வண்ணத்துக்கும் செலவிட வேண்டாம். காற்றுக்கு மட்டும் சலுகை கிடையாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று புளியரை, செங்கோட்டை மேல் இறங்குவது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். குன்றுச் சரிவிலும் மேட்டின் விளிம்பிலும் காற்று வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிட ஐ.எஸ். 875 சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் அது ஏறக்குறைய 1.85 மடங்காகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டியவர்களும், முப்பந்தல் காற்றாலைகள் ஏன் அங்கே நிற்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், இதைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம். குற்றாலத்தை ஒட்டிய வீடுகளில் குரங்கு குதித்து முகட்டுத் தகடு நெளிவதும் உண்டு. அங்கே முகட்டுக்கு 0.6 மி.மீ. போடுங்கள்.

தேங்காய் விழுந்தால்?

ஷீட் குழியும், ஓடு உடையும். குழிவில் வண்ணம் வெடிக்காமல் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கூரைக்கு மேலே சாயும் தென்னையை நேரத்துக்கு ஏறி வெட்டுவது எந்தக் கூரைக்கும் பொது.

இரும்புக் கூரை இடியை இழுக்கும் என்று அம்மா பயப்படுகிறார்.

உலோகம் என்பதால் மின்னல் தேடி வருவதில்லை. உயரமும் தனித்து நிற்பதுமே காரணம். வந்து விழுந்தால் மின்சாரம் தரைக்கு இறங்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சட்டத்தை இரண்டு மூலைகளிலாவது தனிக் கம்பியால் முறையான எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். கூரையில் கட்டிய கேபிள் வயரும் ஆன்டெனாவும் ஷீட்டைத் தொடக் கூடாது.

இருபது வருட கேரண்டி என்று அட்டை தருகிறார்கள். அதை நம்பலாமா?

அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பெரும்பாலான அட்டைகளில் கடலுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் வீடு, மழை படாத பகுதி, வெட்டிய விளிம்பு, ஈரச் சிமெண்டையோ செம்பையோ தொடும் இடம் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். அதாவது, கடலோரம் பற்றிய பதிலில் முதலில் துருப்பிடிக்கும் என்று சொன்ன இடங்களே அவை. கூரை பறந்தால் அது பொருத்தியவர் பொறுப்பு. ஆலையின் பொறுப்பு ஆகாது. ஆகவே பொருத்துகிறவரிடமிருந்து தனியே, போல்ட், ஸ்க்ரூ எண்ணிக்கை, பர்லின் இடைவெளி ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்றைக் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன் யோசிக்கலாம்.

மேலே பார்த்தால் புதிதுபோல் பளபளவென்று இருக்கிறது. ஆனால் பர்லின் தொடும் இடத்தில் அடியில் துரு. வண்ணம் அடித்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

துரு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. பர்லினுக்கு நடுவிலும் பரவலாகப் புள்ளி இருந்தால் அது உப்பு. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, தூள் மட்டும் வந்தால் கழுவி, தேய்த்து, எபாக்சி பிரைமரும் அதற்கேற்ற மேல் வண்ணமும் அடித்துச் சில ஆண்டுகளைச் சம்பாதிக்கலாம். ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் இருந்தால் வாஷர் தளர்ந்து நீர் இறங்கியிருக்கிறது; சற்றுப் பருமனான ஸ்க்ரூவைப் புது வாஷரோடு அதே துளையில் போட்டால் தீரும். பர்லின் நெடுகக் கோடாக இருந்தால், இரவில் தகட்டின் அடியில் வியர்த்த நீர் அங்கே தேங்குகிறது, அல்லது பர்லினே துருப்பிடித்து ஷீட்டுக்கு ஏற்றுகிறது. ஒரு ஷீட்டைக் கழற்றிப் பர்லினைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். செதிலாக உதிர்ந்தால் ஷீட்டுக்கு வண்ணம் அடிப்பதில் பொருளில்லை. அடுத்த ஐப்பசிக்கு முன் சட்டத்தை மாற்ற வேண்டும், கழற்றிய ஷீட்டுகளில் நல்லதை அதன் மேலேயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.